வா-ஊ மாவும் சர்க்கரையும்: கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் மருந்துக்கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்பெல்லாம் சர்க்கரைக்காரர்கள் பாகற்காய், சிறுகுறிஞ்சான் என்று கேட்டு வருவார்கள். இப்போது வா-ஊ என்கிற, சேனைக்கு உறவான கிழங்கின் மாவுப் பாக்கெட்டை நீட்டி, “இது நல்லதா?” என்கிறார்கள். ஒரே பதிலை நாளுக்கு நாலு தடவை சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து மாற்றும் விஷயமெல்லாம் உங்கள் டாக்டரோடு பேச வேண்டியது.

அக்கா, நார்ச்சத்து நார்ச்சத்துங்கிறாங்களே, அது என்ன, முருங்கைக்காய் தின்னா பல்லுல மாட்டுற நாரா?

அதுவும்தான். ஆனால் கண்ணுக்கு நாராகவே தெரியாத நார்ச்சத்தும் உண்டு. செடிகொடியிலிருந்து வருகிற மாவுப்பொருளில் எதையெல்லாம் நம் குடலால் வெட்டிச் செரிக்க முடியவில்லையோ, அதற்கெல்லாம் பொதுப்பெயர் நார்ச்சத்து. தவிடு, பயறுத்தோல் போன்றவை தண்ணீரில் கரையாது. வெண்டைக்காய், வெந்தயம், இசப்கோல், ஓட்ஸ் இவற்றில் உள்ளது தண்ணீரைக் குடித்துக் கொழகொழவென்று ஆகிவிடும். வா-ஊ இந்த இரண்டாவது கட்சி.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் அரை டம்ளர் பச்சைத்தண்ணீரில் அரை டீஸ்பூன் மாவைத் தூவிக் கலக்குங்கள். முதலில் மீன்சினை மாதிரி சின்னச் சின்ன மணியாக உப்பும். அப்புறம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கால் மணி நேரம் கழித்து டம்ளரைச் சாய்த்தால், ஊற்றாமல் மெதுவாக நகரும். தன் எடையைப் போலச் சுமார் 50 மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் சரக்கு இது. இந்தக் கொழகொழப்பை மனதில் வையுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

வா-ஊன்னா நம்ம சேனைக்கிழங்குதானே? அப்ப சேனையையே வறுத்துத் தின்னலாமே?

உறவுதான், ஒன்று இல்லை. பர்மிய மொழியில் வா-ஊ என்ற ஒரே பெயரில் பல கிழங்குகளை அழைக்கிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நம் வீட்டுச் சேனையில் பெரும்பகுதி சாதாரண மாவுச்சத்து, அதாவது செரித்து சர்க்கரையாகிவிடும். சின் மலைப்பக்கம், மிண்டாட் போன்ற ஊர்களில் பயிர் செய்து, சீவிக் காயவைத்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்புகிறார்களே, அந்தக் கிழங்கில் இருப்பது குளுக்கோமன்னான் என்ற கொழகொழப்பு நார்ச்சத்து. ஜப்பானில் அதைத்தான் கொன்யாக்கு என்று துண்டு போட்டுச் சாப்பிடுகிறார்கள். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் கட்டியாக இறுகிவிடும், வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புச் சத்துதான்.

இரண்டுக்கும் பொதுவானது அரிப்பு. சேனை நறுக்கினால் கை அரிக்கும் அல்லவா, அதே ஊசிப் படிகம் வா-ஊவிலும் உண்டு. பச்சைக்கிழங்கை வாங்கி வீட்டிலேயே அரைத்து வைத்தியம் பார்க்க வேண்டாம்.

இந்த மாவு வயித்துக்குள்ள போய் ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை உறிஞ்சிடுமா?

இல்லை. அது ரத்தத்துக்குள் போவதே இல்லை. குடலுக்குள்ளேயே இருந்து, குடல் வழியாகவே போய்விடும்.

நடப்பது இதுதான். சோற்றோடு சேர்ந்து கொழகொழப்பாகி, இரைப்பையில் இருந்து உணவு இறங்குவதை மெதுவாக்குகிறது. சிறுகுடலிலும் நொதிகள் மாவுச்சத்தைத் தொடுவதற்கும், உடைந்த சர்க்கரை குடல் சுவரை எட்டுவதற்கும் தாமதமாகிறது. ஆகவே சாப்பிட்ட பின் மளமளவென்று ஏறும் சர்க்கரை சாவகாசமாக ஏறுகிறது, உச்சமும் தணிந்து இருக்கிறது.

கொழகொழப்புதான் காரணம் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1978-ல் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் பல வகை நார்ச்சத்துகளைக் குளுக்கோஸ் கரைசலில் கலந்து குடிக்கவைத்துப் பார்த்தார்கள். கொத்தவரை விதையின் பிசின்தான் சர்க்கரையை அதிகம் தணித்தது. அதே பிசினைக் கொழகொழப்புப் போகும்படி உடைத்துக் கொடுத்தபோது அந்தப் பலன் காணாமல் போய்விட்டது. பொருள் அதே, அளவு அதே, வழுவழுப்பு மட்டும் இல்லை. ஆகவே தண்ணீர் மாதிரி ஓடுகிற ‘ஃபைபர் ட்ரிங்க்’ பாட்டிலை யாராவது நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

ராத்திரி படுக்கும்போது ஒரு ஸ்பூன் குடிச்சா காலையில ஃபாஸ்டிங் குறையுமா?

பெரும்பாலும் ஏமாற்றம்தான். மாவு எந்தச் சாப்பாட்டோடு வயிற்றில் இருக்கிறதோ, அந்தச் சாப்பாட்டின் சர்க்கரையைத்தான் முக்கியமாகத் தணிக்கும். ராத்திரி ஒன்பதரைக்குச் சோறு இறங்கி முடிந்த பிறகு குடித்தால் யாரைத் தணிக்கும்? காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை பெரும்பாலும் ராத்திரி முழுக்கக் கல்லீரல் உற்பத்தி செய்து விடுவது. அதற்கும் இந்தக் கொழகொழப்புக்கும் நேரடித் தொடர்பு குறைவு.

ஒரு வேளைக்கு எடுத்தது அடுத்த வேளைக்கும் லேசாக உதவுவது உண்டு. ஆனால் அது உபரி. சாப்பாட்டுக்குச் சற்று முன்போ, சாப்பாட்டோடோ எடுப்பதுதான் கணக்கு.

சோறையே விட்டுட்டு வா-ஊ நூடுல்ஸா சாப்பிட்டா?

சர்க்கரை குறையும், சந்தேகமில்லை. ஆனால் யார் குறைத்தது என்று பார்க்க வேண்டும். ஒரு தட்டுச் சோறு, 200 கிராம் என்றால், அதில் 55 கிராம் போல மாவுச்சத்து. வா-ஊ நூடுல்ஸில் 97 சதவீதம் தண்ணீர். நீங்கள் சோற்றை எடுத்துவிட்டதால்தான் சர்க்கரை இறங்கியது. வெறும் முட்டைக்கோஸ் வைத்திருந்தாலும் இறங்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருந்தை அப்படியே போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். என் கடை வாசலிலேயே ஒரு பெரியவர் வியர்த்து, கை நடுங்கி, பெஞ்சில் சாய்ந்துவிட்டார். பக்கத்து டீக்கடையில் இருந்து கட்டிப்பால் டீ வாங்கி ஊட்டினோம். கால் மணி நேரத்தில், “எனக்கா டீ கொடுத்தே, எனக்குச் சர்க்கரை இருக்குல்ல” என்று என்னையே திட்டினார். நல்ல அறிகுறி.

பெட்டியில ‘இன்சுலின் சென்சிட்டிவிட்டி ஏறும்’னு போட்டிருக்கே, நிஜமா?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும்.

கணையம் இன்சுலின் மூலமாகத் தசையையும் கல்லீரலையும் கூப்பிடுகிறது: ‘சர்க்கரை வந்திருக்கு, எடுத்துக்கோ.’ சிலருக்குத் தசைக்குக் காது மந்தமாகிவிடும். கணையம் இன்னும் உரக்கக் கத்த வேண்டியிருக்கும். காது எவ்வளவு கூர்மை என்பதுதான் இன்சுலின் சென்சிட்டிவிட்டி. வா-ஊ சேர்த்த சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை மெதுவாக வருவதால் கணையம் மெதுவாகப் பேசினால் போதும், ரத்தத்தில் இன்சுலின் அளவும் குறைவாகத் தெரியும். பெட்டிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு காது சரியாகிவிட்டது என்கிறார்கள். சத்தம் குறைந்ததால் காது கூர்மையாகிவிட்டது என்று ஆகுமா?

நல்ல முடிவுகளும் உண்டு. 1999-ல் கனடாவின் டொராண்டோவில் வெளியிட்ட ஆய்வில், ரத்த அழுத்தமும் கொழுப்பும் சேர்ந்த 11 சர்க்கரை நோயாளிகளுக்கு 3 வாரம் கொன்யாக்கு மாவு பிஸ்கெட் கொடுத்தார்கள். ஃப்ரக்டோசமின் என்ற அளவு 5.7 சதவீதம் குறைந்தது. அது கடைசி இரண்டு மூன்று வாரச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. ஆனால் ஆட்கள் 11 பேர்தான், காதின் கூர்மையை அது அளக்கவும் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010-ல் குளுக்கோமன்னானின் நன்மை என்று சொல்லப்பட்டவற்றை அலசியபோது, ஒரு நாளைக்கு 4 கிராம் கொலஸ்ட்ராலுக்கு உதவும் என்பதையும், உடல் பருமன் உள்ளவர்கள் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடு வேளைக்கு 1 கிராமாக 3 கிராம் எடுத்தால் எடை குறைய உதவும் என்பதையும் ஏற்றது. சர்க்கரைக்கு உதவும் என்பதற்குச் சான்று போதாது என்று திருப்பிவிட்டது. எடை குறைந்தால் காது கூர்மையாகும் என்பது வேறு வழியில் நிச்சயம். அந்தச் சுற்றுவழிப் பலனை நான் ஒப்புக்கொள்வேன்.

வேடிக்கை என்னவென்றால், சென்சிட்டிவிட்டியை நேராக அளந்து ஏற்றம் கண்ட ஓர் ஆய்வில் இருந்தது கொழகொழப்பே இல்லாத நார். ஜெர்மனியில் 2006-ல், எடை கூடிய 17 பெண்களுக்கு ஓட்ஸின் கரையாத நார் சேர்த்த ரொட்டியை 3 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். சென்சிட்டிவிட்டி சுமார் 8 சதவீதம் கூடியது. ஏன் என்பதற்கு இன்னும் ஒருமித்த பதில் இல்லை. தவிட்டையும் தோலையும் தூக்கி எறிந்துவிட்டு மாவுப் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம்ம இசப்கோலும் வெந்தயமும் இருக்கே, அது போதாதா?

பலருக்குப் போதும். குஜராத்தில் இருந்து வரும் இசப்கோல் உமிக்கு வா-ஊவை விட நிறையச் சான்று இருக்கிறது. 2015-ல் 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது: சர்க்கரை இல்லாதவர்களுக்கு அது பெரிதாக எதுவும் செய்யவில்லை, எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம், மருந்து எடுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம். நல்ல குணம்தான், இல்லையா? வேண்டியவனுக்கு மட்டும் வேலை செய்கிறது. வெந்தயத்தின் வழுவழுப்பும் இதே இனம். கசப்புதான் தொந்தரவு.

பெ-பியோ சாப்பிட்டா சர்க்கரை ஏறும்னு என் மருமக தட்டை இழுத்துக்கிறா. சொல்லுங்க அவகிட்ட.

தட்டைத் திருப்பிக் கொடும்மா. பெ-பியோ, அதாவது முளைகட்டி அவித்த பட்டாணியில் மாவுச்சத்து இருக்கிறதுதான். ஆனால் நாரும் புரதமும் சேர்ந்தே இருப்பதால் சோற்றை விட மெதுவாக ஏற்றும். இந்த ஊரில் காலையில் தெருவில் கூவிக்கொண்டு வருவது இது. பாக்கெட் மாவை விட மலிவு, மெல்லவும் வேண்டும். மாவைக் கரைத்துக் குடித்துவிட்டு நான் நாருக்குக் கடமை முடித்தேன் என்பதை விட இது எவ்வளவோ மேல்.

பிரச்சினை பட்டாணியில் இல்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதில். அதே பட்டாணியோடு இரண்டு நான் ரொட்டியும் கட்டிப்பால் டீயும் போனால் மீட்டர் உண்மையைச் சொல்லிவிடும். எண்ணெயில் வறுத்த சோற்றில் ஒரு கரண்டி பட்டாணி தூவுவதும் அதே கதை. மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிடும் மொகிங்காவில் அரிசிச் சேமியாதான் கனம். குழம்பை அப்படியே வைத்து, சேமியாவைப் பாதியாக்கி, அவித்த முட்டை போட்டுப் பாருங்கள். ஷான் தோஃபு கடலை மாவில் செய்வதால் நல்லதே, பொரித்ததை மட்டும் எண்ணிச் சாப்பிடுங்கள்.

வீட்டில் இன்னொன்றும் சொல்கிறேன்: முதலில் கீரையோ கூட்டோ, பிறகு மீன், கடைசியில் சோறு. வரிசையை மாற்றினாலே சாப்பிட்ட பின் உச்சம் தணிகிறது. செலவில்லை.

தண்ணி நிறையக் குடிக்க முடியல. வாயில போட்டு ஒரு மடக்குல விழுங்கிட்டா என்ன?

இதை மட்டும் செய்யாதீர்கள். மேலே டம்ளரில் பார்த்தது தொண்டைக்குள் நடக்கும். உலர்ந்த மாவு பாதிவழியில் ஈரம் பிடித்து உப்பி, உணவுக்குழாயை அடைத்துவிடும். மாத்திரையாக வந்த குளுக்கோமன்னான் இப்படி அடைத்ததால் ஆஸ்திரேலியாவில் 1980-களிலேயே அந்த மாத்திரைகளைத் தடைசெய்தார்கள். சின்னக் கப்பில் வரும் கொன்யாக்கு ஜெல்லியை உறிஞ்சிக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்த பிறகு, 2001-ல் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது, அப்புறம் ஐரோப்பாவும் தடைசெய்தது. பேரப்பிள்ளைகளுக்கு அந்த மாதிரி கப் ஜெல்லி வாங்காதீர்கள்.

என் மாமாவே ஒருநாள் அவசரத்தில் ஒரு ஸ்பூனை வாயில் கொட்டி இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல், கையால் ஆட்டினார். நல்லவேளை, இருமி வாந்தி எடுத்து வெளியே வந்தது. துப்பியது குண்டு குண்டாக ஜவ்வரிசி மாதிரி இருந்தது. அன்றோடு அவர் கஞ்சியில் கலந்து மட்டும் எடுக்கிறார்.

சரி, எப்படி எடுப்பது? 1 கிராம், அதாவது கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் கூட, பெரிய டம்ளர் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, கெட்டியாகும் முன் உட்கார்ந்து குடிக்க வேண்டும். மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். படுக்கப் போகும்போது வேண்டாம். விழுங்கச் சிரமம் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், பல வருடச் சர்க்கரையால் இரைப்பை மந்தமானவர்கள் தொடவே வேண்டாம். முன்பே மெதுவாக இறங்கும் வயிற்றை இன்னும் மெதுவாக்குவதில் லாபமில்லை.

குடிச்ச ரெண்டாம் நாளே வயிறு உப்புது, காத்து போகுது. ஒத்துக்கலையா?

அது பெருங்குடலில் நுண்ணுயிரிகளுக்கு விருந்து நடப்பதன் சத்தம். நம்மால் செரிக்க முடியாததை அவை நொதிக்க வைக்கின்றன. வாயுவோடு குட்டிக் கொழுப்பு அமிலங்களும் உண்டாகின்றன. இவை குடல் ஹார்மோன்களைத் தூண்டிச் சர்க்கரைக்கும் பசிக்கும் உதவலாம் என்கிறார்கள். மனிதர்களில் எவ்வளவு என்பது இன்னும் ஆராய்ச்சிதான். இசப்கோல் இப்படி நொதிப்பது குறைவு, அதனால் காற்றும் குறைவு. அரை கிராமில் தொடங்கி வாரம் வாரம் கூட்டுங்கள். வலி, வாந்தி, மலச்சிக்கல் என்றால் நிறுத்துங்கள்.

மெட்ஃபார்மின் போடுறேன். கூடவே குடிக்கலாமா?

சிக்கலான கேள்வி. கொழகொழப்பு சர்க்கரையை மட்டும் தடுப்பதில்லை, மாத்திரையையும் பிடித்து வைக்கும். கொத்தவரைப் பிசினோடு எடுத்தால் மெட்ஃபார்மின் உடலில் சேர்வது குறைகிறது என்று பார்த்திருக்கிறார்கள். பொதுவாக மாத்திரை போட்டு 1 மணி நேரம் கழித்து மாவு, மாவு குடித்தால் 4 மணி நேரம் கழித்து மாத்திரை. ஆனால் மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு போடுவது, மாவும் சாப்பாட்டோடு எடுப்பது. எப்படிச் சேரும்?

நான் சொல்லும் வழி: காலையும் ராத்திரியும் மாத்திரை என்றால், மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் மாவு. மூன்று வேளையும் மாத்திரை என்றால் மாவை விட்டுவிட்டுக் கீரை, பட்டாணி பக்கம் போங்கள். தைராய்டு மாத்திரை, கர்ப்பத்தடை மாத்திரை, வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். இன்சுலினும் கிளிபென்கிளமைடும் பற்றி மேலே பெஞ்சில் சாய்ந்தவர் கதையில் சொல்லிவிட்டேன்.

எனக்கு வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வீட்டில் மீட்டர் இருந்தால் நாலு ஸ்ட்ரிப் போதும். ஒரு மதியம் வழக்கமான சாப்பாடு. முதல் கவளத்துக்கு முன் ஒரு தடவை, சரியாக 2 மணி நேரம் கழித்து ஒரு தடவை. வேறொரு நாள் அதே சாப்பாடு, அதே அளவு, மாவோடு. இரண்டு நாளிலும் எவ்வளவு ஏறியது என்ற வித்தியாசத்தைப் பாருங்கள். மீட்டரே சற்று முன்பின் காட்டும், ஆகவே 10 மில்லிகிராம் வித்தியாசத்துக்குத் துள்ள வேண்டாம், முடிந்தால் இன்னொரு முறை செய்து பாருங்கள். பழச்சாறு ஒட்டிய விரலில் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையைத்தான் பார்ப்பீர்கள், கை கழுவுங்கள்.

முழுக்கணக்கு எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை. அது 3 மாதச் சராசரி, பத்து நாளில் அசையாது. அது இறங்கினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்த எண்ணை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

சந்தையில மலிவா ஒரு பாக்கெட் கிடைச்சுது. அசலான்னு பார்த்துச் சொல்லுங்கக்கா.

இரண்டு சோதனை. பச்சைத்தண்ணீரில் கலக்குங்கள். சாதாரண மாவு கொதிக்காமல் கெட்டியாகாது, அடியில் போய்ப் படியும். வா-ஊ சூடில்லாமலே இறுகும். அடுத்து, காயத்துக்குப் போடும் அயோடின் ஒரு சொட்டு. கருநீலம் பளிச்சென்று ஏறினால் மரவள்ளியோ சோளமாவோ கலந்திருக்கிறது. நல்ல மாவிலும் லேசாக ஒரு சாயல் தட்டலாம். ஆனால் கொத்தவரைப் பிசின் கலந்திருந்தால் இந்த இரண்டிலும் தப்பித்துவிடும், அதைக் கடையில் கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை.

போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த பாக்கெட்டைக் கவுண்டரிலேயே கலக்கினேன். இருபது நிமிடம் நின்றோம். மேலே தெளிந்த தண்ணீர், கீழே வெள்ளை வண்டல். அயோடின் விட்டதும் மை கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. அவன் சிரித்துவிட்டு, “அம்மாகிட்ட கொடுத்தா பஜ்ஜிக்காவது கலக்குவாங்க” என்று பாக்கெட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனான்.